பட்டறைக்கு வெளியே நிற்கும் புல்லட்

ஏற்காடு மலைச்சாலையில் ஒரு ஞாயிறு காலை நின்றால் போதும், ராயல் என்ஃபீல்டின் சரித்திரமே வரிசையாக ஏறிப்போகும். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் எந்த வண்டி எந்தக் காலத்தது என்று கண்ணால் சொல்வது கடினம், காது சொல்லிவிடும்; புது வண்டிக்கும் பழைய முகம்தான். டாட்ஜ் சாலஞ்சரை 2008-லும் ஷெவர்லே கமாரோவை 2009-லும் அமெரிக்கர்கள் பழைய முகத்தோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். சென்னையின் ராயல் என்ஃபீல்டு தன் புல்லட்டுக்குச் செய்ததும் அதுவே. ஆனால் அந்தக் கார்கள் நடுவில் காணாமல் போயிருந்தன, புல்லட் போகவில்லை. 1955-ல் சென்னையில் தொடங்கிய உற்பத்தி, இங்கிலாந்தின் தாய் நிறுவனம் 1970-ல் உற்பத்தியை நிறுத்திய பிறகும் திருவொற்றியூரில் நடந்தது. விற்ற வண்டிகளை ஓடவைத்தவர்கள் ஊர் ஊராக இருந்த மெக்கானிக்குகள். புத்துயிர் பெற்ற வண்டியில் அவர்களுக்கும் பங்கு உண்டு, அது இன்னும் கொடுக்கப்படவில்லை என்பது என் கட்சி.

அந்தப் பங்கு என்ன என்பதை அடிவாரத்திலும் மேலே ஏற்காட்டிலும் உள்ள பட்டறைகளில் பார்க்கலாம். பழைய வார்ப்பிரும்பு இன்ஜினை உயிர்ப்பிப்பதே ஒரு வித்தை. இன்ஜினின் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் லீவரை விட்டு, காலை முழுசாக இறக்க வேண்டும். அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். மலைக்கு என்று தனிக் கணக்கும் உண்டு. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். காற்று மெலிவதால் கீழே சேலத்தில் சரியாக ஓடிய கார்பரேட்டர் இங்கே பெட்ரோலை அதிகமாக ஊட்டும், பிளக்கில் கரி படியும். மெக்கானிக் பிளக்கின் நிறத்தைப் பார்க்கிறார், ஸ்க்ரூவைக் கால் திருப்பு திருப்புகிறார், ஐட்லிங்கைக் கேட்கிறார், மறுபடி திருப்புகிறார். பாயிண்ட் இடைவெளி, டேப்பட் தட்டல் எல்லாம் இதே வகைதான். எந்தப் புத்தகத்திலும் கற்ற வேலை அல்ல. பையனாக ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து வந்த வேலை.

இதைச் சொன்னதும், பழசுதான் நல்லது என்கிற கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிட வேண்டாம். புது வண்டி பொய் புல்லட் என்று முறையிடுவோர் ஆயில் ஒழுகியதையும், இறக்கத்தில் டிரம் பிரேக் சூடேறிப் பிடி தளர்ந்ததையும் வசதியாக மறக்கிறார்கள். 2021-ல் கிளாசிக்கிலும் 2023-ல் புல்லட்டிலும் வந்த 349 சிசி இன்ஜின் அதிர்வை அடக்கத் தனித் தண்டு வைத்திருக்கிறது. காற்றழுத்தம் பார்த்து எரிபொருளைத் தானே அளக்கிறது. பழைய இன்ஜினின் 70-க்கு 90 மில்லிமீட்டர் அளவை 72-க்கு 85.8 ஆக மாற்றியபோதும் நீண்ட ஸ்ட்ரோக்கை விடவில்லை. அந்த நிதானமான ஓட்டத்தைக் காப்பாற்ற முயன்றிருக்கிறார்கள் என்றே இதைப் படிக்கிறேன். பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிகள் 2020 ஏப்ரலில் வந்த பிறகு பழைய கார்பரேட்டரோடு தொடர வழியும் இல்லை.

எல்லாம் மாறும்போது மெக்கானிக்கும் மாற வேண்டியதுதானே என்று கேட்பார்கள். மாறத் தயாராகத்தான் இருக்கிறார். ஆனால் ஸ்பேனரின் இடத்தில் இப்போது கோளாறு காட்டும் கருவி வந்திருக்கிறது, அந்த நிறுவனக் கருவி சர்வீஸ் சென்டரில் இருக்கிறது. கண்டவர் கைவைத்தால் புகை அளவு கெடும் என்பது வலுவான மறுப்பு. ஆனால் கோளாறு எண்ணைப் படிப்பது வேறு, வண்டிக் கணினியின் கணக்கை மாற்றுவது வேறு. முதலாவதைத் திறந்துவிட்டு இரண்டாவதைப் பூட்டிவைக்கலாம். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமை இணையதளத்தில் வாகனத் துறையும் இருக்கிறது. கையேடும் கருவியும் நியாய விலைக்குக் கிடைக்க அது ஒரு வாசல். கைத்திறனின் மதிப்பு நிறுவனத்துக்குத் தெரியாததும் அல்ல: புல்லட் டேங்க்கின் பொன் கோடுகளை இன்றும் தூரிகை பிடித்துக் கையால்தான் வரைகிறார்கள், அதைச் சொல்லியே விற்கிறார்கள். தொழிற்சாலைக்குள் இருக்கும் கைக்கு விளம்பரம்; வெளியே இருக்கும் கைக்குக் கதவடைப்பு. மலைப் பட்டறையில் இன்று புது வண்டிக்கு நடப்பது செயின் இறுக்குவது, பிரேக் பேட் மாற்றுவது, பஞ்சர் ஒட்டுவது. எச்சரிக்கை விளக்கு எரிந்தால், வண்டி சரக்கு வேனில் ஏறிச் சேலத்துக்கு இறங்குகிறது.