இறுகிய இரும்பு

எண்ணூருக்கு வடக்கே, வங்கக் கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல் நிலத்தில் அமைந்தது காட்டுப்பள்ளி. கிழக்கே அலைகடல், மேற்கே கால்வாயும் உப்பங்கழியும். அங்கே வீசும் காற்று பெரும்பாலும் உப்பைச் சுமந்தே வருகின்றது. இன்று அவ்விடத்தில் துறைமுகம் உண்டு. கப்பல் தளம் உண்டு. கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் ஆக்குவதற்கென 2010ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஆலையும் உண்டு. வானை அளாவி நிற்கும் பாரந்தூக்கிகளும், மலைபோல் அடுக்கிய சரக்குப் பெட்டகங்களும், குழாய்களும் தூண்களும் யாவும் இரும்பே. இரும்பும் உப்பும் இங்கே அண்டை வீட்டார்போல் வாழ்கின்றன; ஆனால் அவற்றிடையே நட்பு இல்லை.

துறைமுகத்தின் இரும்பைக் காப்பதற்கு ஆட்கள் இருக்கின்றனர். சுரண்டுவதும் வண்ணம் பூசுவதும் அவர்களுடைய ஓயாத தொழில். வீட்டு வாயிலில் நிற்கும் இரும்பைக் காப்பவர் யார்? கதவின் கீல், கைப்பம்பின் பிடி, மிதிவண்டியின் சங்கிலி, பழைய கார் ஆகியவற்றை வீட்டார்தாம் காக்க வேண்டும். ஆதலால் அப்பக்கத்து வீடுகளில் மண்ணெண்ணெய்ப் புட்டியும் கம்பித் தூரிகையும் அரிவாள்மனை போல் எளிதில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும்.

துரு என்பது இரும்பும் ஆக்சிஜனும் நீரும் கூடிப் பிறக்கும் பொருள். உப்பு அதனைத் தோற்றுவிப்பதில்லை, விரைவுபடுத்துகின்றது. உப்பு கரைந்த நீரில் மின்னோட்டம் எளிதில் பாய்வதால், இரும்பின் ஓரிடம் கரையவும் மற்றோரிடத்தில் ஆக்சிஜன் வினைபுரியவும் வழி ஏற்படுகின்றது. அன்றியும், உப்பு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்வதால் மழையில்லா நாளிலும் இரும்பின் மேல் நீர்ப்படலம் நிற்கின்றது.

இனி, திருகாணி ஏன் இறுகுகின்றது? துரு தான் தின்ற இரும்பைவிட இரு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்ளும். வெளிப்புறத்தில் அது பொருக்குவிட்டு உதிர்ந்துவிடும். திருகாணியின் புரிகளுக்கு இடையிலோ உதிர்வதற்கு இடமில்லை. அங்கே அது ஆப்பு அறைந்தாற்போலச் செறிந்து இருபுறத்தையும் நெருக்குகின்றது. ஆகவே இறுகிய திருகாணியைத் திருப்புபவன் இரும்போடு போராடவில்லை. புரிகளின் இடைவெளியில் நிறைந்த பொடியோடு போராடுகின்றான். இதனை அறியாதவன் நீண்ட குழாயை ஸ்பானரின் பிடியில் மாட்டி முழு வலிமையையும் காட்டுவான். பொடி அசையாது, ஆணிதான் முறியும்.

எங்கள் பெரியப்பாவிடம் ஓர் அம்பாசிடர் கார் இருக்கின்றது. அவ்வகைக் கார்களின் உற்பத்தி 2014ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. பெரியப்பா லாரிப் பட்டறை ஒன்றில் பல்லாண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஆதலால் காரின் பழுதுகளை வீட்டு முற்றத்திலேயே தாமே நீக்கிக்கொள்வார். பெரியம்மாவுக்குச் சிறுநீரக நோய். வாரத்தில் இரு நாள் அவரைச் சென்னை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும். சரக்குப் பெட்டக லாரிகள் இடைவிடாது ஊரும் சாலை அது. பிரேக் தவறினால் பிழைப்பது அரிது.

ஒரு புதன்கிழமை மாலை, பிரேக் நெய் செல்லும் இரும்புக் குழாய் ஒன்று துருவால் துளைபட்டிருப்பதைப் பெரியப்பா கண்டார். குழாயை மாற்றுவது எளிது; மாற்றியும் விட்டார். ஆனால் குழாயைக் கழற்றியபோது உள்ளே காற்று புகுந்துவிட்டது. நெய் அமுங்காது, காற்று அமுங்கும். காற்று இருக்கும் வரையில், மிதியை அழுத்தினால் அது பஞ்சுபோல் தாழுமேயன்றிச் சக்கரம் நில்லாது. அக்காற்றை வெளியேற்ற ஒவ்வொரு சக்கரத்தின் பின்னும் சிறு திருகாணி ஒன்று உண்டு. பட்டறைகளில் அதனை நிப்பிள் என்பர். அது உள்ளே துளையுடையது, ஆதலால் மெலிந்தது. நான்கு சக்கரங்களின் நான்கு நிப்பிள்களும் துருவேறி இறுகிக் கிடந்தன. மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய நாளோ வெள்ளிக்கிழமை.

நான் துணைக்குச் சென்றிருந்தேன். காரை உயர்த்தியதும், ஜாக்கியை மட்டும் நம்பாமல் பெரியப்பா அடியில் பருத்த மரக்கட்டைகளைக் கொடுத்தார். பிறகு கம்பித் தூரிகையால் நிப்பிளைச் சுற்றியிருந்த மண்ணையும் துருவையும் நெடுநேரம் தேய்த்தார்.

“ஸ்பானர் போட்டுப் பார்க்கலாமா, பெரியப்பா?” என்றேன்.

“பொறு தம்பி. துரு ஏறுவதற்குப் பல ஆண்டு ஆயிற்று. இறங்குவதற்கு ஓர் இரவாவது வேண்டாமா?” என்றார் அவர்.

மெல்லிய எண்ணெயைப் புரிகளின் வாயில் துளித்துளியாக இட்டார். பிரேக்கின் உள்ளே இருக்கும் ரப்பருக்கு மண்ணெண்ணெயும் பிற கனிம எண்ணெய்களும் ஆகா. ஆதலால் தாராளமாக ஊற்றலாகாது. எண்ணெய் இட்டபின் சிறு சுத்தியலால் நிப்பிளின் தலையிலும் அதனைச் சுற்றிலும் மெல்லத் தட்டினார். அடிப்பதற்கும் தட்டுவதற்கும் வேறுபாடு உண்டு. தட்டும்போது எழும் அதிர்ச்சியால் செறிந்த துருவில் நுண்ணிய பிளவுகள் உண்டாகும். அப்பிளவுகளின் வழியே எண்ணெய் தானாகவே உள்ளே ஏறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இம்முறையிலேதான்.

இத்தகைய எண்ணெய்கள் இப்போது பலவகையாகக் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றுள் பெயர்பெற்றது டபிள்யூ டி-40. 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், ராக்கெட் கெமிக்கல் கம்பெனி என்னும் சிறு நிறுவனத்தார், ஏவுகணைத் தொழிலுக்காக ஈரத்தை அகற்றித் துருவைத் தடுக்கும் நெய்மம் ஒன்றை ஆக்க முயன்றனர். நாற்பதாவது முயற்சியில் வெற்றி கண்டனர். பெயரிலுள்ள 40 அதனையே குறிக்கின்றது. துருவை வெல்ல முயன்றோர் எவரும் அவசரப்படவில்லை என்பது என் எண்ணம்.

நெருப்பால் சூடேற்றினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். சூடேறினால் மரையின் துளை சுருங்கும் என்று சிலர் கருதுவர். அஃது உண்மையன்று, வளையம் முழுவதும் விரிவதால் துளையும் விரியும். ஆனால் எவ்வளவு? 12 மில்லிமீட்டர் துளையுள்ள மரையை 300 பாகை செல்சியசு சூடேற்றினால் துளை ஏறத்தாழ 0.04 மில்லிமீட்டரே பெரிதாகும். துருவின் பிடி தளர்வதற்கு அவ்வளவே போதும். புகைபோக்கிக் குழாயின் மரைகளைப் பெரியப்பா அவ்வாறு கழற்றியதை நான் பார்த்திருக்கிறேன். பிரேக்கின் அருகிலோ அது கூடாது. பிரேக் நெய் தீப்பற்றும், ரப்பர் கருகும். பெட்ரோல் தொட்டியின் பக்கத்திலும் நெருப்பை நினைக்கவே கூடாது.

அன்றிரவு எண்ணெய் ஊறக் காத்திருந்தபோது, பெரியப்பா முன்னொரு முறை பாம்பனுக்குச் சென்றுவந்த கதையைச் சொன்னார். 1914ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அப்பழைய இரயில் பாலம் கடலின் நடுவே நின்றது. உலகில் இரும்பை மிக விரைவாக அரிக்கும் இடங்களுள் அதுவும் ஒன்றென்பர். கப்பல் வரும்போது நடுப்பகுதியின் இரு கைகளையும் மேலே தூக்கி வழிவிட வேண்டும். எந்திர விசையால் அன்று. தொழிலாளர்கள் நெம்புகோல்களைப் பிடித்துச் சுழன்று நடந்தே அதனைத் திறந்தனர். உப்புக் காற்றில் நூறாண்டுக்கு மேலாக அப்பற்சக்கரங்கள் இறுகாமல் சுழன்றன என்றால், அங்கே நாள்தோறும் நெய்யிட்ட கைகள் எத்தனை! எனினும் துரு இறுதியில் தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. 2022ஆம் ஆண்டு டிசம்பரில் அப்பாலத்தின்மேல் இரயில்கள் செல்வது நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் திறக்கப்பெற்ற புதிய பாலத்தில் துருப்பிடிக்கா எஃகுக் கம்பிகளும் கடற்காற்றைத் தாங்கும் தனிப்பூச்சும் அமைந்துள்ளன. அழகப்பச் செட்டியாரின் கொடையால் காரைக்குடியில் எழுந்து 1953ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம், இரும்பு அரிக்கப்படுவதை ஆராய்வதற்கென்றே பாம்பனுக்கு அருகிலுள்ள மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருப்பதும் காரணமின்றி அன்று.

வியாழக்கிழமை காலையில் முதல் நிப்பிளின் துளைக்குள், அதன் பருமனுக்கு ஒத்த எஃகுக் கம்பி ஒன்றைப் பெரியப்பா நுழைத்தார். திருப்பும்போது மெலிந்த சுவர் உள்நோக்கி நசுங்காமல் காப்பதற்கு அது. தலையை முழுதும் சூழ்ந்து பிடிக்கும் வளைய ஸ்பானரையே எடுத்தார். இருபுறம் மட்டும் பற்றும் ஸ்பானர் முனைகளை மழுக்கிவிடும். முதலில் கழற்றும் பக்கம் திருப்பவில்லை. இறுக்கும் பக்கமே சிறிது அழுத்தினார். பிறகு எதிர்ப்பக்கம் சிறிது, மீண்டும் இறுக்கம், மீண்டும் எண்ணெய்.

“கையில் என்ன தெரிகிறது என்று பார்,” என்று ஸ்பானரை என்னிடம் தந்தார். “கிறீச்சென்று ஒலித்து நகர்ந்தால் துரு விட்டுக்கொடுக்கிறது என்று பொருள். ஒலியே இல்லாமல் ரப்பர்போல் வளைந்து வந்தால் நிறுத்திவிடு. அது ஆணி முறுக்கேறி முறியப் போகும் அடையாளம்.”

அவ்விரண்டு உணர்வுகளுக்கும் உள்ள வேறுபாட்டை எந்த நூலும் எனக்குக் கற்பித்ததில்லை. முதல் நிப்பிள் கிறீச்சிட்டு அரைக்கால் சுற்று நகர்ந்தது. திரும்ப இறுக்கி, எண்ணெயிட்டு, மறுபடியும் தளர்த்தியபோது செந்நிறக் குழம்பு கசிந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அவ்வாறே வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆயிற்று.

நான்காவது, இடப்புறப் பின்சக்கரத்தது, ரப்பர்போல் வளைந்தது. பெரியப்பா ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். இன்னும் சிறிது முயன்றால் வந்துவிடுமோ என்னும் ஆசை எனக்கு இருந்தது; அவருக்கு இல்லை. “இதை விட்டுவிடு. இது பாதியில் முறிந்தால், மிச்சத்தைத் துளைபோட்டு எடுக்க இந்த நாள் முழுதும் போய்விடும். இப்போதே போனால் புதுப்பேட்டையில் சிலிண்டரையே வாங்கிவந்து மாற்றிவிடலாம்,” என்றார். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டிகளின் உறுப்புகள் விற்கும் கடைகள் வரிசையாக உண்டு. உற்பத்தி நின்ற கார்களுக்கெல்லாம் அதுவே புகலிடம். பேருந்தில் சென்று, மூன்று கடைகள் ஏறியிறங்கி, உரிய சிலிண்டரை வாங்கிக்கொண்டு மாலையில் திரும்பினோம்.

இரவு விளக்கொளியில் அது பொருத்தப்பட்டது. நான் மிதியை அழுத்த, பெரியப்பா ஒவ்வொரு நிப்பிளாகத் திறந்து மூடினார். ஒளி ஊடுருவும் சிறு குழாயின் வழியே முதலில் குமிழிகள் நெருங்கி வந்தன. பின்னர் இடைவிட்டு வந்தன. பின்னர் தூய நெய் மட்டும் வந்தது. மிதி கல்லைப்போல் உறுதியாக நின்றது. நான்கு நிப்பிள்களின் வாயிலும் உப்பும் ஈரமும் புகாதவாறு ரப்பர் மூடிகளை மாட்டினார். பழைய மூடிகள் எப்போதோ உதிர்ந்து போயிருந்தன. ஒவ்வொன்றின் விலையும் சில ரூபாய்தான்.

வெள்ளிக்கிழமை விடியுமுன் பெரியம்மா தலையணையை எடுத்துக்கொண்டு பின்னிருக்கையில் ஏறினார். பெரியப்பா தெருமுனை வரையில் மெல்ல ஓட்டிச்சென்று, ஒருமுறை பிரேக்கை அழுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு, பெருஞ்சாலையில் திரும்பினார்.