அரசரை நீக்கிவிட்டுக் கேட்டேன்

ரெகே பாட்டை வீட்டுக்குள் அழைத்துக்கொண்டு, அதைப் பாடியவர்களின் தெய்வத்தை வாசலிலேயே நிறுத்திவைத்தவன் நான். பல ஆண்டுகள் அப்படித்தான் கேட்டேன்.

நண்பர்களுக்குப் பாடல்கள் தொகுத்துக் கொடுப்பது என் வழக்கம். ஜமைக்க முரசுக் கலைஞர் கவுண்ட் ஒஸ்ஸியின் குழு 1973இல் வெளியிட்ட 'கிரவுனேஷன்' மூன்று இசைத்தட்டுகள் கொண்டது. நீண்ட முரசொலியும் பேச்சும் பிரார்த்தனையும் அதில் பின்னிக்கிடக்கும். பேச்சையும் பிரார்த்தனையையும் வெட்டிவிட்டுத்தான் கொடுப்பேன். ரசனை என்று சொல்லிக்கொண்டாலும் உள்ளே இருந்தது கூச்சம். எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசியை ஜமைக்காவின் ஏழைகள் கடவுளாக வணங்கியது எனக்குப் பேதைமையாகப் பட்டது. எத்தியோப்பியாவின் வொல்லோ பஞ்சத்தில் மக்கள் மடிந்தபோது அரியணையில் இருந்தவர் அவர்தானே? 1974இல் ராணுவம் அவரை இறக்கியது. மறு ஆண்டு அவர் இறந்த செய்தி வந்ததும் பாப் மார்லி 'ஜா லிவ்', அதாவது கடவுள் உயிரோடிருக்கிறார், என்று பாடினார். ஏமாந்தவர்களின் பிடிவாதம் என்று எண்ணினேன். அப்படி எண்ணிக்கொண்டே அந்தப் பாட்டை ரசிக்கவும் செய்தேன்.

தாளம் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்க வேண்டும். கிழக்குக் கிங்ஸ்டனில், வாரெய்க்கா குன்றுப் பக்கம் இருந்தது ஒஸ்ஸியின் முகாம். அடிமைக் காலத்திலிருந்து வந்த புர்ரு முரசுகள் அங்கே, செலாசியை வணங்கிய ரஸ்தாஃபாரிகளின் வழிபாட்டுக்குள் வந்தன. நியாபிங்கி என்னும் அந்த வழிபாட்டில் மூன்று முரசுகள். பாஸ் அடியாழத்தில் இடிக்கும். ரிப்பீட்டர் மேலே துள்ளித் துள்ளிப் பேசும். நடுவில் ஃபுண்டே, இதயத்துடிப்புப்போல் ஒரே இரட்டை அடியை மாற்றாமல் அடித்துக்கொண்டே இருக்கும். ஃபுண்டே வாசிப்பவர் தன் வித்தையைக் காட்ட முடியாது. அவர் அடங்கி நின்றால்தான் ரிப்பீட்டர் பறக்கும். அந்த அடி நெஞ்சுக்குள் இறங்க நேரம் பிடிக்கிறது. முதலில் சலிப்பு, பிறகு படபடப்பு, அதற்கும் பிறகுதான் மனம் அமர்கிறது. அந்த நேரத்தைத்தான் நான் கத்தரித்து எறிந்தேன்.

மெலோடியன்ஸ் குழு 1970இல் 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' பாடியபோது, பைபிளின் 137ஆம் சங்கீதத்தில் ஆண்டவர் வரும் இடத்தில் தங்கள் அரசரை வைத்தது. 1978இல் போனி எம் அரசரை எடுத்துவிட்டுப் பாட, உலகமே ஆடியது. போனி எம்மை இதற்காக நான் கடுமையாகப் பேசியிருக்கிறேன். என் கத்தரிக்கோலும் வெட்டியது அதே அரசரைத்தான்.

1963 ஏப்ரலில், ஜமைக்காவின் மொண்டேகோ பே அருகே கோரல் கார்டன்ஸில் நடந்த மோதலைக் காரணம் காட்டிப் போலீசும் ராணுவமும் ரஸ்தாஃபாரிகளை வேட்டையாடின. அடித்தார்கள், சிறையில் அடைத்தார்கள், சடையை அறுத்தார்கள். அரசு மன்னிப்புக் கேட்டது 2017இல். பாட்டின் பதிவு விவரங்களையெல்லாம் தேடித்தேடிப் படித்த எனக்கு, அதைப் பாடியவர்கள் பட்ட பாடு வெகுகாலம் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவில்லை.

செலாசி கடவுள் என்று இன்றும் என்னால் நம்ப முடியவில்லை. வொல்லோவை மறக்கவும் முடியாது. ஆனால் வெள்ளை எசமானர்களின் தெய்வத்தின் முன் தலைமுறைகளாக மண்டியிட வைக்கப்பட்டவர்கள், தங்கள் நிறத்தில் ஒருவர் முடிசூடியதைக் கண்டு நிமிர்ந்தார்கள். 'ஜா லிவ்' பாட்டில் இப்போது எனக்குக் கேட்பது அந்த நிமிர்வு. அதைப் பேதைமை என்று எடைபோட எனக்கு எந்தத் தகுதியும் இருந்ததில்லை.

பழக்கம் முழுவதும் விட்டபாடில்லை. பிரார்த்தனை தொடங்கினால் கை அடுத்த பாட்டுக்குத் தாண்டப் பார்க்கிறது. சில நாள் அடக்கிக்கொள்கிறேன், சில நாள் தாண்டிவிடுகிறேன்.