பாட்டியின் சிவப்புத் துணி

முதுகுளத்தூர்ப் பக்கத்தில் என் பாட்டனார் வைத்திருந்தது குழல்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. 1873-ஆம் வருஷத்து வின்செஸ்டரில் நெம்புகோலை இழுத்தால் அடுத்த தோட்டா தானே வந்து நிற்குமாம்! நமக்கோ 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியைத் தொடக் கூடாது. வெள்ளைக்காரருக்கோ விலக்கு.

கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை வைத்து இடித்து, ஈய ரவையைப் போட்டு, மறுபடியும் நார். அப்போது திண்ணையில் ஒருவரும் வாய் திறக்கலாகாது. கெட்டித்ததை மறந்து இன்னொரு தரம் கெட்டித்தால் குழல் வெடித்துவிடும். கௌதாரி பிழைக்கும், சுடுகிறவன் விரல் பிழைக்காது. ஆகவே, கெட்டித்த துப்பாக்கியின் கட்டையில் பாட்டி ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவாள். சர்க்கார் சட்டத்தைக் காட்டிலும் அந்தத் துணிக்கே எங்கள் வீட்டில் மதிப்பு அதிகம்.

1972-இல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. முதுகுளத்தூரை அடுத்த சித்திரங்குடிக் கண்மாய் 1989-இல் பறவைகள் சரணாலயமாயிற்று. 1991-ஆம் வருஷத் திருத்தத்தோடு வேட்டை லைசென்ஸும் ஒழிந்தது. வேட்டங்குடிக் கண்மாய்ப் பக்கத்து ஊரார் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு கொளுத்துவதில்லை. நாரைகள் மிரண்டு போகுமாம்.