கழுவி வைத்த கிளாஸ்

2004இல் கல்லூரி இறுதியாண்டுக்காகப் பத்து நிமிடப் படம் ஒன்று எடுத்துத் தரவேண்டியிருந்தது. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் காதல், தற்கொலை, அநாதை இல்லம் என்று கிளம்பினார்கள். நான் எங்க ஊர் டீக்கடையை எடுப்பதென்று முடிவு செய்தேன். இரட்டைக் குவளை. ஆர்.பி. அமுதனின் ‘பீ’ 2003இல் வந்திருந்தது. மதுரையில் மலம் அள்ளும் ஒரு பெண்ணின் வேலையைக் கூடவே போய்ப் பார்க்கும் படம். சின்ன கேமராவை வைத்துக்கொண்டு நாமும் எடுக்கலாம் என்ற தெம்பு அதில்தான் வந்தது.

கடையில் பொதுவாகப் புழங்கும் பாத்திரத்தைத் தீண்டாமையின் பேரால் மறுப்பது 1955ஆம் வருடச் சட்டப்படியே குற்றம். 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தாச்சு. சட்டம் புத்தகத்தில் இருந்தது. எங்க கிளாஸ் கடையின் இறவானத்தில் செருகியிருந்தது.

பெரியப்பாதான் டீ குடிப்பவராக வந்தார். வருமுன் ஒன்று கேட்டார்: “நீ படம் புடிச்சிட்டு பஸ் ஏறிருவ. காலையில டீக்கு நான்ல வரணும்?” கல்லூரியில் காட்டிக்கொள்ளலாம், வேறெங்கும் போடுவதென்றால் சேரியில் எல்லாரும் பார்த்துச் சொல்லவேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

கேமராவைப் பார்த்ததும் கடைக்காரர் இறவானத்துக் கிளாஸ்களை உருவி உள்ளே வைத்துவிட்டார். அன்றைக்கு எல்லாருக்கும் ஒரே கிளாஸ். “வாங்க, பெஞ்சுல உக்காருங்க” என்று உபசாரம் வேறு. அதுவரைக்கும் ‘வாடா’ என்ற வாய்! படமெடுக்கப் போகும் நம் பிள்ளைகள் இதற்குத் தயாராகப் போகவேண்டும். கேமரா வந்தால் தீண்டாமை ஒளிந்துகொள்ளும்.

நான் டேப்பை நிறுத்தவில்லை. பெரியப்பா பெஞ்சில் உட்காராமல் தூணோரம் குத்தவைத்தார். குடித்தார். எழுந்துபோய் வாளித் தண்ணியை மொண்டு கிளாஸைத் தானே கழுவி, ஓரமாகக் கவிழ்த்து வைத்தார். காசைப் பலகையில் வைத்தார், கையில் கொடுக்கவில்லை. யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. எல்லாம் ஒரே ஷாட், இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கம்மி. கடைக்காரர் ஒளித்ததைப் பெரியப்பாவின் கை வெளியே கொண்டுவந்துவிட்டது.

(பின்னால் சில ஊர்களில் ஊர்க்காரருக்குக் கண்ணாடி கிளாஸ், நமக்குத் தூக்கியெறியும் கப் என்று மாறியது. சுகாதாரமாம். கழுவுகிற கையைக்கூட இனிப் படமெடுக்க முடியாது.)

வகுப்பில் போட்டேன். “பெரியவர் டீ குடிச்சாரு, அவ்வளவுதானே?” என்றார்கள். விளக்கம் சொல்லும் குரலும் சோக வயலினும் சேர்க்கச் சொன்னார் ஆசிரியர். கிளாஸ் கவிழ்ந்தபோது, விடுதியிலிருந்து வந்திருந்த நம் பையன்கள் ரெண்டு பேர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கு வயலின் தேவைப்படவில்லை. மற்றவர்களுக்குப் புரியவைக்க ஒரு குரலைச் சேர்த்தால், பெரியப்பாவின் கை அந்தக் குரலுக்கு உதாரணமாகச் சுருங்கிவிடும். சேர்க்கவில்லை. மார்க் குறைந்தது, கிடக்கட்டும்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சேரியில், மாரியம்மன் திண்டில் டிவியை வைத்துப் போட்டோம். முதலில் சிரிப்பு, கேலி. பிறகு சத்தமே இல்லை. பெரியப்பா இன்னொரு தடவை போடச் சொன்னார். பார்த்துவிட்டு, “இதக் கலெக்டர்ட்ட குடுத்தா கேசு நிக்குமா?” என்றார்.

சட்டம் படித்துக்கொண்டிருந்த தோழர் தயங்கிச் சொன்னார்: “நிக்காது பெரியப்பா. எல்லாருக்கும் ஒரே கிளாஸ்ல குடுக்குறதுதான படத்துல இருக்கு? கடைக்காரருக்குத்தான் இது சாட்சி.”

“அப்ப நான் கழுவி வைக்கிறேன்ல, அதுவும் அதுலதான இருக்கு?” என்றார் பெரியப்பா.