என் தம்பியைத் தண்டச்சோறு என்றவன் நான்

தம்பிக்கு மனச்சிதைவு நோய். மாத்திரை தொடங்கிச் சில மாதங்களில் காதில் கேட்ட குரல்கள் அடங்கின. நோய் தீர்ந்தது என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். ஆனால் அவன் மதியம் வரை பாயைவிட்டு எழவில்லை. சொன்னால்தான் குளிப்பான். எதைக் கேட்டாலும் ஒற்றைச் சொல்லில் பதில். "தண்டச்சோறு" என்றேன், அதுவும் உறவுக்காரர்கள் முன்னால். கோபத்தில் ஒருநாள் வாய் தவறியதல்ல, வருடக்கணக்கில் சொன்னேன்.

நாட்டமில்லாமல் போவதும் இந்த நோய்தான், மாத்திரை அதை அவ்வளவாகச் சரிசெய்யாது என்று மருத்துவர் முதலிலேயே சொல்லியிருந்தார். எனக்கு அது சாக்காகப் பட்டது. மீன்குழம்பு வைத்தால் ரசித்துச் சாப்பிடுகிறானே, வேலைக்கு மட்டும் உடம்பு வளையாதோ?

அவன் நடிக்கிறான் என்பதற்கு நான் வைத்திருந்த ஒரே சாட்சி அந்த மீன்குழம்பு. அதுவும் பொய்த்தது. அமெரிக்க உளவியலாளர் ஆன் கிரிங்கும் சக ஆய்வாளர்களும் 2007இல் எழுதியதைப் பின்னாளில் படித்தேன். இந்த நோயாளிகளுக்குக் கைக்கு வந்த இன்பத்தை அனுபவிக்க முடிகிறது. வரப்போவதை எண்ணி ஆசைப்படுவதில்தான் குறை. ஆசையே எழாதவன் எதற்காகப் பாயைச் சுருட்டுவான்?

அடுத்துப் படித்தது இன்னும் சுட்டது. 'முயன்றாலும் தோற்கத்தான் போகிறேன்' என்ற எண்ணம் இவர்களை முடக்கிப்போடுகிறது என்றார்கள் ஆய்வாளர்கள் ஆரோன் பெக்கும் பால் கிராண்டும். அதைத் தளர்த்தி, அவரவருக்குப் பிடித்த இலக்கை நோக்கிச் சிறு அடிகளாக நடத்தும் சிகிச்சையை 18 மாதங்கள் சோதித்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். சிகிச்சை பெற்றவர்களின் நாட்டமும் அன்றாடச் செயல்பாடும் மேம்பட்டிருந்தன. அங்கே அவர்கள் பாடுபட்டுக் களைந்த எண்ணத்தைத்தான் நான் வீட்டில் தினமும் ஊட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த நோயாளிகளுக்கென்றே சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உருவான எட்டு அமர்வுப் பயிற்சி ஒன்று, நல்ல தருணத்தை நின்று ரசிக்கவும், பிறரிடம் சொல்லவும், அடுத்ததை முன்கூட்டியே கற்பனை செய்யவும் பழக்குகிறது. நான் சிகிச்சையாளன் அல்ல. டீக்கடைக்குக் கிளம்புமுன், போனமுறை இஞ்சி டீ எப்படியிருந்தது என்று கேட்கிறேன், அவ்வளவே. சில நாள் வருகிறான். பல நாள் வருவதில்லை.

மன்னிப்புக் கேட்டேன். "சரிண்ணே" என்றான். மன்னித்தானா என்பது தெரியாது. கேட்கவும் எனக்கு உரிமையில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் முடங்கிக் கிடந்தால், திட்டுவதற்கு முன் மருத்துவரிடம் பேசுங்கள். மாத்திரையோடு உளவியல் சிகிச்சையும் உண்டா என்று கேளுங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம்.