காந்தமுள்ளும் காலக்கணக்கும்

சென்ற மாதம் ஒரு காலை, கடற்கரையில் நடந்துவிட்டு நானும் என் பள்ளித் தோழரும் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தோம். அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு துண்டறிக்கையை எடுத்தார்.

"படிச்சுப் பாரு. பூமிக்கு வயசு பத்தாயிரம் வருஷத்துக்குள்ளதானாம். காந்தத்தை வெச்சே கணக்குப் போட்டிருக்காங்க."

வாங்கிப் படித்தேன். எனக்குப் பழக்கமான வாதம்தான். டெக்சாஸ் மாநிலத்து இயற்பியல் பேராசிரியர் தாமஸ் பார்ன்ஸ் 1973-இல் முன்வைத்தது. ஜெர்மானிய அறிஞர் காவுஸ் 1830-களில் பூமியின் காந்த வலிமையை அளந்தார். அன்றிலிருந்து அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. இது உண்மை. 1,400 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகிறது என்று வைத்துக்கொண்டு பார்ன்ஸ் பின்னோக்கிக் கணக்கிட்டார். பத்தாயிரம் ஆண்டுகளைத் தாண்டினால் காந்த வலிமை நம்ப முடியாத அளவுக்குப் போய்விடும், ஆகவே பூமிக்கு அதற்குமேல் வயதிருக்க முடியாது என்றார்.

நான் பேரேட்டோடு காலம் கழித்தவன். கையில் கிடைத்த நாலு பக்கத்தில் மாதாமாதம் இருப்பு குறைகிறது என்பதற்காக, 'ஆதியில் இந்தக் கஜானாவில் கோடி கோடியாக இருந்திருக்க வேண்டும்' என்று எந்தக் குமாஸ்தாவும் எழுதமாட்டான். வரவுப் பக்கத்தைக் கேட்பான்.

இங்கே வரவுப் பக்கமும் உண்டு. நம் காலடியில் சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் உருகிய இரும்பு புரண்டுகொண்டே இருக்கிறது. அந்த ஓட்டமே காந்தத்தைப் புதிதாக உண்டாக்குகிறது. பழைய கணக்கும் அழியவில்லை. சூளையில் சுட்ட மண் ஆறும்போது அன்றைய காந்தத்தைத் தன்னுள் பதித்துக்கொள்கிறது. அதைப் படித்தறியும் முறையை வகுத்தவர்களில் முக்கியமானவர் பிரான்சின் எமில் தெலியே. பழைய ஓடுகளையும் செங்கற்களையும் அளந்ததில், 2,000 ஆண்டுகளுக்கு முன் காந்தம் இன்றைவிட வலுவாகவும், அதற்கும் முன்னே, 6,000 ஆண்டுகள் வாக்கில், இன்றைவிடக் குறைவாகவும் இருந்தது தெரிந்தது. ஒரேயடியாகத் தேயவில்லை, ஏறி இறங்கியிருக்கிறது.

தலைகீழாகவும் மாறியிருக்கிறது. 1906-இல் பெர்னார் ப்ருன் என்ற பிரெஞ்சுக்காரர், எரிமலைக் குழம்பு சுட்ட களிமண் ஒன்றில் வடக்கும் தெற்கும் இடம் மாறிப் பதிந்திருப்பதை அறிவித்தார். அப்படிக் கடைசியாக நடந்த முழுப் புரட்டல் சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன். துண்டறிக்கைக்காரர் இந்தப் பக்கங்களையெல்லாம் புரட்டவேயில்லை.

பள்ளியில் எங்களுக்கு புஃபோனை அழகான உரைநடைக்காகச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த புஃபோனும் இரும்புக் குண்டுகளைப் பழுக்கக் காய்ச்சி, ஆறும் நேரத்தை அளந்து, பூமிக்கு வயது சுமார் 75,000 என்று 1778-இல் எழுதினார். பாறைக்குள்ளிருக்கும் கதிரியக்கம் வெப்பம் தரும் என்பது அவர் காலத்தில் யாருக்கும் தெரியாது. அவர் கணக்கிலும் ஒரு வரவு விட்டுப்போயிற்று. அதே கதிரியக்கத்தைக் கடிகாரமாகக் கொண்டு கிளேர் பேட்டர்சன் 1956-இல் சொன்ன வயது 455 கோடி ஆண்டுகள். இன்றும் ஏறத்தாழ அதுதான் நிற்கிறது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நண்பர் வெகுநேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்போ பைபிள் பொய்ங்கிறியா?"

"இந்தக் காகிதத்துல கணக்குத் தப்புன்னு சொல்றேன். உன் ஜெபமாலையை நான் தொடலையே."

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். பேத்தி கல்லூரியில் பாறைகளைப் பற்றிப் படிக்கிறாள். இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு, "நீ படிக்கிறதெல்லாம் பொய்" என்று போனில் கத்தியிருக்கிறார். பத்து நாளாக அவள் பேசவில்லை.

"அவகிட்டேயே கேளு. என்னைவிட நல்லா சொல்லுவா" என்றேன்.

மறுநாள் அவர் நடக்க வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தவர், உட்காரும்போதே, "காந்தம் தலைகீழா திரும்பினா பறவைங்களுக்கு எப்படிய்யா வழி தெரியும்?" என்று கேட்டார்.

"யார் கேட்டா?"

"நான்தான் கேட்டேன். அவ படிச்சுட்டுச் சொல்றேன்னிருக்கா."