பாரம் எங்கே இறங்குகிறது

மே 9, 2025, வெள்ளி
போடிநாயக்கனூர்

ஏலத்தோட்டத்துக்குப் போகும் கல்பாதை பருவமழைக்கு முன்பே மோசமாகிவிட்டது. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளும் நல்ல தார்ச்சாலை. பூப்பாறை தாண்டி உள்ளே திரும்பினால்தான் சோதனை தொடங்கும். கோடை மழையில் மண் அரித்துப் போய், பாறைகள் சாணுக்கு மேல் தலைநீட்டி நிற்கின்றன.

என் வண்டி ஐந்து கதவு ஜிம்னி. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 2590 மில்லிமீட்டர். மூன்று கதவு ஜிம்னி 28 பாகை மேட்டை வயிறு தட்டாமல் கடக்கும். இந்த நீள வண்டிக்கு 24 பாகைதான். முன் சக்கரம் பாறையேறி இறங்கியதும் நடு உடம்பு அதன்மேல் உட்காரப் பார்க்கிறது. அப்போது முதலில் அடிவாங்குவது கதவுக்குக் கீழே ஓடும் தகடு. அது நசுங்கினால் கதவையே சரியாகச் சாத்த முடியாது. மழை பிடிப்பதற்குள் இரண்டு பக்கமும் அந்தத் தகட்டைக் காக்கும் இரும்புக் கம்பி, ராக் ஸ்லைடர், போட்டாக வேண்டும்.

மே 10, சனி

பட்டறை அண்ணன் வண்டிக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்து வெகுநேரம் பார்த்தார். எழுந்து வந்து ஒன்றே ஒன்று கேட்டார். “தம்பி, காலு வச்சு ஏறுற படி வேணுமா, கல்லுல உக்கார்ற கம்பி வேணுமா?”

“கல்லுல உக்கார்றதுதாண்ணே.”

“அப்ப பாரம் எங்க போயி இறங்குதுன்னு மொதல்ல பாத்துக்கிருவோம்.”

கடையில் விற்கும் அலங்காரப் படிகள் பலவற்றின் பிடிமானம் மெல்லிய தகடுதான். ஓர் ஆள் ஏறி இறங்க அது போதும். பாறைமேல் வண்டி உட்கார்ந்தால் படி மேல்நோக்கி மடங்கி, காக்க வேண்டிய தகட்டையே குத்திவிடும். ஜிம்னிக்குக் கீழே தனிச் சேஸிஸ் இருக்கிறது. அதன்மேல் ரப்பர் தாங்கிகள், அவற்றின்மேல்தான் உடற்கூடு. எஞ்சினையும் அச்சுகளையும் சுமப்பது சேஸிஸ். ஸ்லைடரும் அதிலிருந்துதான் புறப்பட வேண்டும். கல்லிலிருந்து கம்பி, கம்பியிலிருந்து கால், காலிலிருந்து சேஸிஸ்: பாரம் போக வேண்டிய வழி இது ஒன்றுதான். உடற்கூட்டை எங்கேயும் தொடக்கூடாது.

மே 12, திங்கள்

தேனிக்குப் போய் இரும்பு வாங்கி வந்தோம். ஒன்றரை இஞ்சு பைப் என்று கேட்டால் வெளிவிட்டம் 48.3 மில்லிமீட்டர் உள்ளது கிடைக்கும். பி கிளாஸில் தடிமன் 3.2 மில்லிமீட்டர், சி கிளாஸில் 4. மீட்டருக்கு எடை முன்னது சுமார் 3.6 கிலோ, பின்னது 4.4 கிலோ. எல்லாமே சி கிளாஸாகப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் இந்த வண்டிக்கு அனுமதித்த மொத்த எடை 1545 கிலோ. வெறும் வண்டியே ஏறத்தாழ 1200. மிச்சமிருக்கும் 345 கிலோவுக்குள் ஆளும் உர மூட்டையும் அடங்க வேண்டும். அதனால் வண்டியை ஒட்டி ஓடும் உள்கம்பிக்கும் அதைச் சேஸிஸோடு இணைக்கும் கால்களுக்கும் சி கிளாஸ், பாறையையும் மரத்தையும் ஒதுக்கித் தள்ளும் வெளிக்கம்பிக்கு பி கிளாஸ் என்று முடிவு செய்தோம். தகடு, போல்ட் எல்லாம் சேர்த்து இரண்டு பக்கமும் 44 கிலோவுக்குள் நிற்கும்.

ஜிஐ பைப் வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார். துத்தநாகப் பூச்சின்மேல் வெல்டிங் வைத்தால் வரும் வெள்ளைப் புகை காய்ச்சலையும் குளிரையும் கொண்டுவரும். பற்றும் சரியாகப் பிடிக்காது. கறுப்புப் பைப்பே வாங்கினோம்.

மே 14, புதன்

கால்களைச் சேஸிஸில் எப்படி மாட்டுவது? இன்று முழுக்க இதே பேச்சு. நேராக வெல்டிங் வைத்தால் உறுதிதான். ஆனால் சூடேறிய ஓரத்தில் சேஸிஸ் இரும்பின் குணம் மாறும், பிறகு கழற்றவும் முடியாது. துளை போட்டு போல்ட் முறுக்கினால், உள்ளே வெற்றிடமான பெட்டிச் சேஸிஸ் இறுக்கத்தில் ஒடுங்கும்.

அண்ணன் மூன்றாவது வழியைச் சொன்னார். சேஸிஸுக்கு வெளிப்புறம் ஒரு 6 மில்லிமீட்டர் தகடு, உட்புறம் ஒன்று. மேலே இரண்டு, கீழே இரண்டு போல்ட்டுகள் சேஸிஸைத் துளைக்காமல் அதைத் தாண்டிப் போய் இரண்டு தகடுகளையும் கவ்விப் பிடிக்கும். பக்கத்துக்கு நான்கு கால், நான்கு கவ்வி. முன்னும் பின்னும் நகராதிருக்க, சேஸிஸில் ஏற்கெனவே உள்ள துளைகளில் ஒரு முளை. போல்ட் 12 மில்லிமீட்டர், தலையில் 8.8 என்று பொறித்தது. பிரேக் குழாயும் வயர்க்கட்டும் ஓடும் இடங்களைச் சாக்பீஸால் குறித்து, அங்கே கால் வராதபடி தள்ளி அளவெடுத்தோம்.

மே 16, வெள்ளி

கவ்விகளை வண்டியில் மாட்டி, பைப்பைப் பிடித்துப் பார்த்து, அங்கேயே டேக் எனும் தற்காலிகப் பற்று மட்டும் வைத்தோம். அதற்கு முன் பேட்டரி வயரைக் கழற்றினோம். எர்த்தைச் சேஸிஸில் கொடுக்காமல், பற்றவைக்கும் பைப்பிலேயே கவ்வ விட்டார் அண்ணன். பொறி விழாதபடி பிரேக் குழாய்மேல் நனைத்த சாக்கு.

ஒவ்வொரு காலின் வாயையும் கம்பியின் வளைவு அப்படியே பொருந்தும்வரை கிரைண்டரில் அரைத்தார். இடைவெளியை வெல்டிங்கால் நிரப்பி மறைக்கும் ஆள் இல்லை அவர். கால்கள் வெளியே போகப்போக 15 பாகை மேலேறுகின்றன. இல்லாவிட்டால் இருக்கிற 24 பாகையையும் ஸ்லைடரே தின்றுவிடும். வெளிக்கம்பியின் பின்முனையைச் சற்று அகல விரித்தோம். பாறையோரம் திரும்பும்போது பின்கதவும் பின்சக்கர வளைவும் உரசாமல் அது வண்டியை வெளியே ஒதுக்கும்.

உடற்கூட்டுக்கும் கம்பிக்கும் நடுவே 25 மில்லிமீட்டர் இடைவெளி. ரப்பர் தாங்கிகள்மேல் உடற்கூடு ஆடும், அந்த ஆட்டத்துக்கு இடம் வேண்டும். நான்கு கதவுகளையும் திறந்து சாத்திப் பார்த்தோம். எதுவும் தட்டவில்லை.

மே 17, சனி

முழு வெல்டிங் இன்று, மேசையில். ஒரே பக்கமாகப் பற்றவைத்துக்கொண்டே போனால் சூட்டில் கம்பி வில்லாக வளையும். அதனால் இரண்டு ஸ்லைடர்களையும் முதுகோடு முதுகு கட்டி, இங்கொரு விரல் நீளம், அங்கொரு விரல் நீளம் என்று மாற்றி மாற்றி வைத்தார். 7018 வெல்டிங் ராடு. ஈரம் பிடித்தால் பற்றில் விரிசல் வரும் என்று அதை உலர்த்தும் அடுப்பிலிருந்து ஒவ்வொன்றாகத்தான் எடுத்தார். கால் சேரும் மூலைகளில் முக்கோணத் தகடு. பைப்பின் முனைகளை அடைத்து, தண்ணீர் தேங்காமலிருக்க அடியில் சிறு துளை.

மே 19, திங்கள்

பவுடர் கோட்டிங் அழகுதான். ஆனால் கல்லில் உரசும் பொருளுக்கு அது ஏற்றதல்ல. ஓரிடத்தில் உரிந்தால் பூச்சுக்கு அடியிலேயே துரு ஊர்ந்து போகும், வெளியே தெரியாது. துத்தநாக பிரைமரும் அதன்மேல் சாதாரண எனாமலும் அடித்தோம். உரசிய இடத்தில் நாமே பிரஷ் எடுத்துப் பூசிக்கொள்ளலாம்.

சட்டத்தையும் படித்தேன். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. பம்பருக்கு முன்னால் மாட்டும் கம்பிகள்மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. நடந்துபோகிறவரின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் அது, சரியான நடவடிக்கை என்றே நினைக்கிறேன். என் ஸ்லைடர் வண்டியின் அகலத்தைத் தாண்டவில்லை, சேஸிஸை வெட்டவில்லை. என்றாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டேன். மழைக்காலம் முடிந்ததும் கழற்றி வைப்பதாகவும் எண்ணம்.

மே 21, புதன்

மாட்டியாயிற்று. ஒவ்வொரு நட்டையும் டார்க் ரெஞ்சில் 80 நியூட்டன் மீட்டர் முறுக்கி, வெள்ளைக் கோடு போட்டோம். பிறகு தேர்வு. எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வெளிக்கம்பியின் நடுவில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினோம். அடியில் யாரும் இல்லை. இரண்டு சக்கரங்களும் தரையை விட்டன. வண்டியின் பாதி எடை, கிட்டத்தட்ட 600 கிலோ, ஒரே இடத்தில் நின்றது. அப்படியே கதவைத் திறந்து சாத்தினார் அண்ணன். எப்போதும் போல மூடிக்கொண்டது. “இப்ப இறங்குதுல்ல, எங்க இறங்கணுமோ அங்க” என்றார்.

மே 23, வெள்ளி

தோட்டத்துக்கு ஏறினேன். கடைசிப் படிப்பாறையில் நான்கு சக்கரமும் மெதுவாக இழுக்கும் 4எல் போட்டு, முதல் கியரில் ஆள் நடக்கும் வேகத்துக்கும் குறைவாக. இடது ஸ்லைடர் பாறையில் உட்கார்ந்தது, வழுக்கியது, வண்டி முன்னே போயிற்று. இரும்பு இருக்கிறதென்று வேகமாக மோதினால் எந்தக் கவ்வியும் தாங்காது. ஸ்லைடர் நிதானமாக ஓட்டுகிறவருக்கான கருவி.

மே 24, சனி

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக வானிலை மையம் இன்று அறிவித்தது. வழக்கமான நாள் ஜூன் 1, இந்த ஆண்டு எட்டு நாள் முன்னதாகவே. வேலை உரிய நேரத்தில் முடிந்தது பெரும் நிம்மதி.

முதல் ஏற்றத்துக்குப் பிறகு நட்டுகளைச் சோதிப்பது கட்டாயம். வெள்ளைக் கோடுகள் விலகவில்லை. இடைவெளி அதே 25 மில்லிமீட்டர். உரசிய இடத்தில் எனாமல் பூசினேன். கவ்விகளின் அளவுத் தகடுகளைப் பட்டறையிலேயே விட்டு வந்திருக்கிறேன். பக்கத்துத் தோட்டத்தில் இன்னொரு ஜிம்னி இருக்கிறது. அவருக்கும் அண்ணனின் கேள்வியைத்தான் சொல்லி அனுப்பினேன்: பைப்பின் பளபளப்பைப் பார்க்காதீர்கள், பாரம் எங்கே போய் இறங்குகிறது என்று கேளுங்கள். அதற்குக் கை நீட்டிச் சேஸிஸைக் காட்டத் தெரிந்தவரிடம் மட்டும் வண்டியைக் கொடுங்கள்.